கேட்கிறதென்றால் ஒன்று போடுங்கள்

மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும் என்பது நிரஞ்சன் போட்ட முதல் நிபந்தனை, மைக்கில் காற்று பட்டால் கேட்பவர்கள் காதில் அருவி மாதிரி இரைகிறதாம், அதனால் உறையூரில் மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஜன்னலையும் சாத்திக்கொண்டு, மேலே இஸ்திரி போட்ட நீலச் சட்டை, கீழே கைலி, என் முகத்தையே நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். லேப்டாப் திரையின் மூலையில் தீப்பெட்டி அளவுக்கு அந்த முகம் இருக்கிறது. அதன் கீழே நிரஞ்சன் எழுதிவைத்த பட்டம்: தணிகாசலம், சிங்கப்பூர் ரிட்டர்ன், 90 நாளில் 7.8 லட்சம். நாற்பத்தெட்டு வயதில் ஒருவனுடைய பெயருக்குப் பக்கத்தில் என்னென்னவோ வந்து ஒட்டிக்கொள்கின்றன, சிலருக்குப் பதவி, சிலருக்குச் சர்க்கரை, எனக்கு இது. பதினொன்று பத்துக்கு என்னைப் பேசக் கூப்பிடுவான். அதுவரை மைக் மூடியிருக்கும், கேமரா திறந்திருக்கும், லேசாகச் சிரித்தபடி இருக்க வேண்டும். எவ்வளவு லேசாக என்று கேட்டேன். "பொண்ணு பாக்கப் போயிருப்பீங்கள்ல சார், கேசரி வர்றதுக்கு முன்னாடி உக்காந்திருப்பீங்களே, அந்த அளவுக்குங்க" என்றான். நான் அப்படி ஒருமுறை உட்கார்ந்ததும், அந்தக் கல்யாணம் நாலு வருஷத்தில் கையெழுத்துப் போட்டு முடிந்ததும் அவனுக்குத் தெரியாது. கேசரி என்னவோ நன்றாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டில் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கிறது, ஞாயிற்றுக்கிழமை, ஆட்டுக்கறி, அதற்கு இன்னும் இரண்டு விசில் வேண்டும். திரைக்குள்ளிருந்து நிரஞ்சன் இரண்டு கையையும் விரிக்கிறான். "சொந்தங்களே, வணக்கமுங்க! நான் பேசறது கேக்குதுங்களா? கேக்குதுன்னா சாட்ல ஒரு ஒண்ணு போடுங்க பாக்கலாம்!" ஓரத்தில் ஒன்றுகள் விழ ஆரம்பிக்கின்றன. ஒன்று, ஒன்று, ஒன்று, யாரோ ஒருவர் பூஜ்யம் போட்டுவிட்டு அவசரமாக ஒன்று போடுகிறார். ஆன்லைனில் பயிற்சி விற்கும் இந்தத் தொழிலில் எல்லா வெபினாரும் இப்படித்தான் தொடங்கும். முதலில் கேட்கிறதென்றால் ஒன்று. பிறகு வாழ்க்கை மாறணும்னா இரண்டு. பிறகு இன்றைக்கே மாறணும்னா மூன்று. கடைசியில் பணம் கட்டும் பக்கம். விரல் பழக வேண்டுமாம். முதல் தடவை ஆமாம் சொன்ன விரல் கடைசி தடவையும் சொல்லும் என்று நிரஞ்சன் எனக்கு விளக்கியபோது எவ்வளவு கெட்டிக்காரன் என்று நினைத்தேன். இப்போதும் கெட்டிக்காரன்தான். கழுத்தில் வியர்வை இறங்குகிறது, துடைத்தால் கேமராவில் தெரியும்.

பெயர்ப் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்க்கிறேன். நானூற்றுப் பன்னிரண்டு பேர். திண்டுக்கல் முருகேசன், ராதா ஹோம்மேக்கர், பேர் மாற்றத் தெரியாமல் செல்போன் மாடலின் எண்ணோடு வந்திருப்பவர்கள், யாரோ ஒரு பெண் 'வசந்தி சமையல்' என்று. நடுவில் ஒரு பழுப்பு வட்டம், வட்டத்துக்குள் ஜெ. ஜெசிந்தா எம். கேமராவை மூடி வைத்திருக்கிறாள். வந்துவிட்டாள். வரமாட்டாள் என்று காலையில் பல் தேய்க்கும்போது வேண்டிக்கொண்டேன், குளிக்கும்போது வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், சாமிக்கு எதைக் கேட்பது என்று குழம்பியிருக்கும். அந்த ஒற்றை எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுத்துக்குப் பின்னால் தூத்துக்குடியில் ஒரு வீடு இருக்கும், அவளுடைய அப்பா கட்டிலில் படுத்திருப்பார், அவள் காதில் ஒரு பக்கம் மட்டும் இயர்போன் மாட்டியிருப்பாள், மறு காது அப்பாவுக்கு. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால் வியாழக்கிழமை பேசியபோது நடுவே நிறுத்தி, "இருங்க, அப்பா கூப்பிடுதாவ" என்று போய் வந்தாள். அவள் போய் வந்த அந்த இரண்டு நிமிஷமும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன். ஒரு கிண்ணம் வைக்கும் சத்தம், அவள் யாரையோ அதட்டும் சத்தம், காக்கா. ஆறு வருஷமாகக் கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு நானும் பொங்கலுக்கு எனக்கு அவளும் படம் அனுப்பிக்கொண்டது தவிர வேறு ஒன்றும் இல்லை. திடீரென்று ஒரு கிண்ணத்தின் சத்தம். அது போதும் போலிருந்தது. போதவில்லை என்பது போனை வைத்த பிறகு தெரிந்தது.

"சார், விளம்பரத்துல உங்க படம் பாத்தேன். நீங்களாமே பேசுதீங்க?" என்றாள். "ஆமா சிஸ்டர்" என்றேன். "ஆஸ்பத்திரிய விட்டு வந்து ஆறு வருசம் ஆச்சு, இன்னும் என்ன சிஸ்டர்?" என்று சிரித்தாள். என்னால் மாற்ற முடிந்ததில்லை. சிங்கப்பூரில் அந்த ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள், டாக்டர், வார்டு பெருக்குகிறவர், நோயாளி, நோயாளியின் மச்சான், ஆகவே நானும். மற்றவர்களுக்கு அது உத்தியோகத்தின் பெயர். எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் வாயில் ஏதோ தப்பு நடந்த மாதிரி இருக்கும். ஊருக்கு அவள் ஒரேயடியாகக் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று வழி முழுக்கப் பயிற்சி செய்து வைத்திருந்தேன், கண்ணாடிக் கதவு திறந்ததும் "பத்திரமா போய்ட்டு வாங்க சிஸ்டர்" என்றேன். போய்விட்டு வருவதற்கு அவள் போகவில்லை. வியாழக்கிழமை அவள் விஷயத்துக்கு வந்தாள். "அப்பாவ விட்டுட்டு டூட்டிக்குப் போக முடியல சார். வீட்ல இருந்தே எழுதி மாசம் ஒரு லட்சம்னு போட்டிருக்காங்க. அம்பத்தொம்போதாயிரம் பீஸு. அங்க வேலை பாத்த காசுல கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கேன், அது போனா அடுத்து ஒண்ணும் இல்ல. நெசமாவே வருமா? நீங்க சொன்னா சேந்துருவேன். வேற யார் சொன்னாலும் நம்ப மாட்டேன்." நான் என்ன சொன்னேன்? ஞாயித்துக்கிழமை வந்து கேளுங்க சிஸ்டர் என்றேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் சேர்ந்தால் என்னுடைய புதன்கிழமை வகுப்பில்தான் வருவாள், தமிழில் எழுதுகிறவர்களுக்கு நான்தான் வாத்தியார். ஒவ்வொரு புதன்கிழமையும் மாலை ஆறு மணி. ஆறு மாதம். கேமராவைத் திறந்து வைக்க வேண்டும் என்பது வகுப்பின் விதி. இருபத்தாறு புதன்கிழமைகள், எண்ணிப் பார்த்துவிட்டேன், எண்ணியதை மறுக்கமாட்டேன்.

நிரஞ்சன் இப்போது தன் கதையைச் சொல்கிறான். ஈரோட்டுப் பக்கம், விசைத்தறி, அப்பாவின் கடன், பழைய பைக், ஒரு நாள் யூடியூப், பிறகு எல்லாம். எத்தனை முறை கேட்டாலும் பைக்கின் இடத்தில் அவன் குரல் உடைகிறது, நடிப்பு என்று சொல்ல முடியாது, அந்த பைக்கை அவன் நிஜமாகவே விற்றான், ரசீதைக்கூட வைத்திருக்கிறான். எனக்கு அவன் மேல் கோபம் வராது. ஊர் திரும்பிய வருஷம் எத்தனை படி ஏறினேன், சார் உங்க அனுபவத்துக்கு இங்க வேலை இல்ல சார் என்று எத்தனை குளிரூட்டிய அறைகளில் மரியாதையாக டீ கொடுத்து அனுப்பினார்கள். இவன்தான் போனில், "ரெண்டு பாஷையிலயும் எழுதுவீங்களா? அய்யோ, உங்களத்தானுங்க தேடிட்டு இருக்கேன்" என்றான். டெங்கு வந்து படுத்தபோது ஈரோட்டிலிருந்து பஸ் ஏறி வந்து மூன்று நாள் இந்த அறையில், இதோ இந்த நாற்காலியில் தூங்கினான். இடியாப்பம் வாங்கி வந்து பிட்டுப் பிட்டுக் கொடுத்தான். இருபத்தொன்பது வயது. அந்த ஏழு லட்சத்து எண்பதாயிரம் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்ததும் அவன்தான். என் பெயரில் ஒரு பயிற்சி தொடங்கினோம், வீட்டிலிருந்தே எழுதுங்கள், தொண்ணூறு நாளில் வந்து விழுந்த மொத்தத் தொகை அது. அதில் முக்கால்வாசிக்கு மேல் விளம்பரத்துக்கே போனது, மீதியில் பாதி, பிடிக்கவில்லை என்று திருப்பிக் கேட்டவர்களுக்கு, பிறகு வரி, பிறகு அந்த மென்பொருள் இந்த மென்பொருள். மூன்று மாதமும் சேர்த்து என் கையில் நின்றது பதினோராயிரத்துச் சொச்சம். "இதப் போய் வருமானம்னு சொல்றதா நிரஞ்சா?" என்றேன். "சார், பொய் சொல்லச் சொன்னனுங்களா? படம் நெசந்தானே? வந்தத சொல்றோம், போனத யாரும் கேக்கலையேங்க. எல்லா கோச்சும் இதத்தானுங்க காட்டறாங்க." உண்மைதான், இந்தத் தொழிலில் எல்லாரும் காட்டுவது அந்த ஒரே பச்சைக் கோடு, மேலே ஏறும் கோடு, இறங்கும் கோடு வேறொரு பக்கத்தில் இருக்கிறது, அந்தப் பக்கத்தை யாரும் படம் எடுப்பதில்லை. அவனே எடுத்ததில்லை. அவனுக்கே அது ஞாபகம் இருக்குமா என்று சில நாள் சந்தேகமாக இருக்கும். தன்னுடைய படத்தை அவ்வளவு நாள் பார்த்துவிட்டால் அதுதான் தன் முகம் என்று ஆகிவிடும். என்னையும் இந்தத் தீப்பெட்டி முகத்தில் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாராவது இந்த ஆளிடம் ஐம்பத்தொன்பதாயிரத்தைக் கொடுப்பார்களா? கொடுப்பார்கள். நல்ல முகம். கண்ணாடி போட்டிருக்கிறான்.

ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை, அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளி படித்துக் கையெழுத்திடும் தாளைத் தமிழாக்குவது. தமிழ்த் தொழிலாளிகள் நிறையப் பேர் வருவார்கள். நான் எழுதியதை வார்டில் யாராவது தமிழ் தெரிந்த நர்ஸ் படித்துப் பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி, அப்படித்தான் ஜெசிந்தா. வரிக்குக் கீழே சுட்டுவிரலை வைத்துத் தள்ளிக்கொண்டே படிப்பாள், சின்னப் பிள்ளைகள் மாதிரி, உதடு அசையும். தைராய்டு அறுவைக்கு ஒரு தாள். ஆங்கிலத்தில், நூற்றில் ஒருவருக்குக் குரல் நிரந்தரமாகக் கெடலாம் என்று இருந்தது. நான் 'அரிதாகச் சிலருக்கு' என்று எழுதியிருந்தேன். விரல் அங்கே நின்றது. "அரிதாகன்னா எத்தன சார்?" நான் விளக்கினேன், நம் ஆட்கள் எண்ணைப் பார்த்தால் பயந்துவிடுவார்கள், மிருதுவாக இருக்கட்டும் என்று. அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இங்கிலீஷ்ல எண்ணு இருக்கு. தமிழ்ல அது எங்க போச்சு? தமிழ் படிக்கவனுக்கு எண்ணு தெரியக் கூடாதா?" அன்று மாலையே திருத்திக் கொடுத்தேன். மறுநாள் அந்தத் தாளை அவளே ஒரு நோயாளிக்குப் படித்துக் காட்டினாள், கட்டட வேலை செய்கிறவர், புதுக்கோட்டைப் பக்கம், பெரியவர். நான் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்றேன். கேட்டு முடித்தார். பிறகு, "நூத்துல ஒருத்தனுக்குத்தானே தாயி? மிச்சம் தொண்ணூத்தொம்பது பேரு பேசிக்கிட்டுத்தானே இருக்கான்? போடு, எங்க கைநாட்டு?" என்றார். அவர் பயப்படவில்லை. பயந்தது நான். அன்று கான்டீனில் அவள் பிளாஸ்டிக் பையில் நூல் கட்டித் தரும் காபியை உறிஞ்சிக்கொண்டே, "நீங்க நல்லா எழுதுதீங்க சார். விடாம எழுதுனா இன்னும் நல்லாருக்கும்" என்றாள். அதற்குப் பிறகு பதிமூன்று வருஷம் நான் ஒரு வரியைக்கூட விட்டதில்லை. ஒவ்வொரு தாளையும் முடித்துவிட்டு மனதுக்குள் அந்த விரலை ஓட்டிப் பார்ப்பேன். வேறு ஒருவருடைய விரல் ஒருவனுக்குள் இருந்துகொண்டே இருப்பதற்கு என்ன பெயர் வைப்பார்கள், எந்த மொழியில் வைத்திருக்கிறார்கள், இரண்டிலும் தேடியிருக்கிறேன்.

"இப்போ ஒரு சின்ன வெளாட்டுங்க" என்கிறான் நிரஞ்சன். "உங்க கனவு வருமானம், மாசத்துக்கு எவ்வளவு வேணும், சாட்ல போடுங்க. கூச்சப்படாம போடுங்க!" விழுகிறது. ஒரு லட்சம், இரண்டு லட்சம், ஐந்து லட்சம். வசந்தி சமையல் என்ற பெயரிலிருந்து 15000. நிரஞ்சன் உடனே பிடித்துக்கொள்கிறான், "அக்கா, பதினஞ்சாயிரமெல்லாம் கனவாங்க்கா? பெருசா நெனைங்க! இன்னொரு தடவ போடுங்க!" கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு வசந்தி சமையல் 25000 என்று போடுகிறது. வெட்கப்பட்டுக்கொண்டு பத்தாயிரம் ஏற்றியிருக்கிறாள், கேட்டதை ஏன் கேட்டோம் என்று ஆகியிருக்கும். நிஜமான ஆசைகளெல்லாம் சின்னத் தொகையாகத்தான் இருக்கும் போலிருக்கிறது, வீட்டு வாடகை, பிள்ளையின் வேன் காசு, மாமியாரிடம் கேட்காமல் ஒரு சேலை. பெரிய தொகைக்கு யாரும் ஆசைப்படுவதில்லை, நாங்கள்தான் சொல்லிக் கொடுக்கிறோம். ஜெ வட்டம் என்ன போடும் என்று காத்திருக்கிறேன். எண்கள் மேலே ஓடுகின்றன, தவறவிட்டுவிட்டேனோ என்று பின்னால் தள்ளிப் பார்க்கிறேன், இல்லை, இதோ. 'அப்பா பக்கத்துல இருந்துட்டே 20000.' அவ்வளவுதான். எண்ணை மட்டும் போடச் சொன்னால் அவள் நிபந்தனையோடு போடுகிறாள். என்னை ஒரு கனவு வருமானம் போடச் சொன்னால் என்ன போடுவேன்? புதன்கிழமை. எண் இல்லை. இருபத்தாறு.

பதினொன்றாகிறது. குக்கர் அடங்கிவிட்டது, பக்கத்து வீட்டில் தேங்காய் துருவுகிறார்கள். லேப்டாப்பில் இன்னொரு பக்கம் திறந்திருக்கிறது, அதில் 'மிச்சம்' என்று ஒரு கோப்பு. ஆஸ்பத்திரிக் காலத்துப் பழக்கம், தமிழில் இடம் போதாமல் தற்காலிகமாகத் தள்ளிவைத்த வரிகளை அந்தப் பெயரில் சேர்த்து வைப்பேன், வேலை முடிவதற்குள் ஒவ்வொன்றாக எடுத்து உரிய இடத்தில் சேர்த்துவிடுவேன், கோப்பு காலியானால்தான் வீட்டுக்குப் போவேன். இப்போது அதில் ஒரே ஒரு பத்தி இருக்கிறது, ஏழு மாதமாக இருக்கிறது. நிரஞ்சன் வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் விலைக்கு வாங்கிய ஆங்கில விளம்பரப் பக்கத்தைத் தமிழாக்கச் சொன்னபோது, அதன் அடியில், எறும்பு போகிற மாதிரி சின்ன எழுத்தில் இருந்தது. அதையும் செய்தேன். அவன் படித்துவிட்டு, "சார், இது மட்டும் தமிழ்ல வேண்டாமுங்க. இங்கிலீஷ்காரன் சட்டத்துக்குப் பயந்து போட்டிருக்கான். நம்மாளுங்க படிச்சா பயந்துருவாங்க" என்றான். யார் வாயில் கேட்ட சொல் அது? என் வாயில். ஆஸ்பத்திரியில் அவளிடம் நான் சொன்ன சொல் ஈரோட்டுப் பையனின் வாயில் வந்து நிற்கிறது, நான் என்ன சொன்னேன் என்றால், சரி என்றேன். விரல் ஓடிற்று, வெற்றிடத்தில் நின்றது, நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் வியாழக்கிழமை அவள் கூப்பிட்டாள். அவள் கண்ணில் அது படாமல் இருந்திருக்காது, ஏதோ ஒன்று இல்லை என்று தோன்றியிருக்கும், அதில் என் படத்தைப் பார்த்ததும், சரி, இந்த ஆள் விடமாட்டான், இல்லையென்றால் இல்லைதான் என்று நினைத்திருப்பாள். வேற யார் சொன்னாலும் நம்ப மாட்டேன்.

இப்போதே போனில் சொல்லிவிடலாம். வேண்டாம் சிஸ்டர், சேராதீங்க, மூன்றே வார்த்தை. வியாழனிலிருந்து அந்த மூன்று வார்த்தை போனில் எழுதி அழித்து, எழுதி அழித்து, இன்று காலைகூட எழுதினேன். அவளுக்கு மட்டும் சொல்லிவிட்டு, பத்து நிமிஷம் கழித்து அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வசந்தி சமையலிடம் ஏழு லட்சத்து எண்பதாயிரம் என்று சொல்வேனா? அதைவிட அவளிடமே பொய் சொல்வது மேல், குறைந்தபட்சம் இத்தனை நாள் இருந்த நான் என்று ஒருவன் அவளுக்கு மிஞ்சுவான். ஆனால் ஏமாந்தது அவளுக்குத் தெரிய எத்தனை புதன்கிழமை ஆகும்? நான்கு? எட்டு? அந்த எட்டாவது புதன்கிழமை கேமராவில் அவள் முகத்தைப் பார்ப்பேன், அதற்காகவா இருபத்தாறை எண்ணினேன்? சரி, உண்மையைச் சொன்னால்? அவள் சேரமாட்டாள். புதன்கிழமை இல்லை. கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம், பொங்கலுக்குக் கரும்பு, ஒருவேளை அதுவும் வராது. அந்தப் பக்கத்தை எழுதியதே நான்தான் என்று தெரிந்த பிறகு ஒரு கரும்பை ஏன் அனுப்ப வேண்டும்? நிரஞ்சன் என்ன ஆவான்? இடியாப்பத்தைப் பிட்டுக் கொடுத்த கை. வாடகை என்ன ஆகும்? அதைப் பிறகு பார்க்கலாம், அதை நினைத்தால் மற்றது எல்லாம் அதற்குள் போய் ஒளிந்துகொள்கிறது. சொல்லாமலே இருக்க ஒரு வழி இருக்கிறது, கரண்டு போகலாம், உறையூரில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறது, இன்று போகாது. தலைக்கு மேலே அசையாமல் நிற்கும் மின்விசிறியின் மூன்று இறக்கைகளைப் பார்க்கிறேன். ஓரத்தில் ஒட்டடை. விமான நிலையத்தில் அந்தக் கண்ணாடிக் கதவு திறந்து மூட எவ்வளவு நேரம் இருக்கும், நாலு விநாடி? அந்த நாலு விநாடியில் ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். தணிகாசலம், உனக்கு எப்போதுமே கதவு மூடின பிறகுதான் வாய் திறக்கும்.

"இப்ப நம்ம குடும்பத்துல இருந்து ஒரு ஸ்பெஷலான மனுஷன்! சிங்கப்பூர் வேலைய உட்டுட்டு வந்து, வீட்ல உக்காந்துட்டே சாதிச்சுக் காட்டினவரு! தணிகாசலம் சார், வாங்க சார்! மொதல்ல சாருக்கு எல்லாரும் ஒரு ஒண்ணு போடுங்க!" என் சதுரம் பெரிதாகிறது, திரை முழுக்க நான், மேல் பாதி மனிதன். ஒன்றுகள் பொழிகின்றன. மைக்கைத் திறக்கிறேன். "வணக்கம்" என்கிறேன், குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருக்கிறது. "சார், சுத்தி வளைக்காம கேக்கறனுங்க. எவ்வளவு சம்பாதிச்சீங்க? நம்ம சொந்தங்களுக்குச் சொல்லுங்க சார்!" அவன் கண்கள் பளபளக்கின்றன, என்மேல் நிஜமான பெருமை அதில் இருக்கிறது, அதுதான் கஷ்டம். "பேருக்குக் கீழ போட்டிருக்கறது வந்த தொகைங்க" என்கிறேன். "அதுல விளம்பரத்துக்குப் போனது, திருப்பிக் கொடுத்தது எல்லாம் கழிச்சு, மூணு மாசத்துக்கும் சேத்து எனக்கு நின்னது பதினோராயிரம்." நிரஞ்சன் சிரித்த முகம் மாறாமல், "ஹாஹா, சார் ரொம்பத் தன்னடக்கம்ங்க, அதாவது அவரு என்ன சொல்ல வர்றாருன்னா" என்கிறான். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க எனக்குத் தெரியாது. "என் புதன்கிழமை வகுப்புல இதுவரைக்கும் நாப்பத்தாறு பேர் சேந்தாங்க. இன்னைக்கு ஏதோ சம்பாதிக்கறவங்க ரெண்டு பேர். அந்த விளம்பரப் பக்கத்தத் தமிழ்ல எழுதினது நான். இங்கிலீஷ்ல இருந்த ஒரு பத்திய விட்டுட்டேன். அத இப்பப் படிக்கறேன்." மிச்சம் கோப்பு திறந்திருக்கிறது. வரிக்குக் கீழே சுட்டுவிரலை வைத்துக்கொள்கிறேன், திரைமேல், கைரேகை படிகிறது. "இங்கே காட்டப்படும் தொகைகள் அரிதானவை. உங்களுக்கும் இதே போல் கிடைக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. சேருபவர்களில் பெரும்பாலோர்," என்று படிக்கும்போது மைக்கின் மேல் சிவப்புக் கோடு விழுகிறது. அவன் மூடிவிட்டான். உதடுகள் அசைந்துகொண்டிருக்கின்றன, திரையில் பார்க்கிறேன், "எதுவும் சம்பாதிப்பதில்லை" என்று சத்தமில்லாமல் முடிக்கின்றன. சாட்டில் யாரோ, சார் என்ன சொன்னாரு, கேக்கல, என்று போடுகிறார்கள். இன்னொருவர் கேள்விக்குறி. பழுப்பு வட்டத்தைத் தேடுகிறேன், நானூற்றுப் பன்னிரண்டு பேரில், ஜெ, ஜெ, அதற்குள் எல்லாச் சதுரமும் ஒரே நொடியில் மறைந்து, கூட்டத்தை நடத்துபவர் உங்களை வெளியேற்றிவிட்டார் என்று வெள்ளையாக ஒரு வரி வருகிறது. ஆங்கிலத்தில். அதை யாரும் விட்டுவிடுவதில்லை.

எழுந்து மின்விசிறியைப் போடுகிறேன். முதலில் முனகி, பிறகு வேகம் பிடித்து, மேஜைமேல் இருந்த தாள்கள் ஒவ்வொன்றாக எழுந்து தரையில் இறங்குகின்றன, எடுக்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் கறி வாசனை. பக்கத்து வீட்டில் "ஏங்க, உப்பு பாருங்களேன்" என்று ஒரு பெண் குரல், யாரோ வந்து உப்பு பார்க்கிறார்கள், பார்த்து ஏதோ சொல்கிறார்கள். நிரஞ்சன் இப்போதைக்குக் கூப்பிடமாட்டான், இன்னும் ஒரு மணி நேரம் நேரலையில் சமாளிக்க வேண்டும், பிறகு கூப்பிடுவான், கத்துவான், அல்லது கத்தாமல் "ஏன் சார்?" என்று மட்டும் கேட்பான், அதற்கு நான் தயாராக வேண்டும். அவளுக்கு எதுவரை கேட்டிருக்கும்? பதினோராயிரம் வரையா, ரெண்டு பேர் வரையா? ஒருவேளை அந்த நேரம் பார்த்து அப்பா கூப்பிட்டிருக்கலாம். இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டு போயிருக்கலாம், திரும்பி வந்து பார்த்தபோது சார் இல்லை, நிரஞ்சன் பேசிக்கொண்டிருந்திருப்பான், பன்னிரண்டு மணிக்குள் கட்டினால் பாதிக் கட்டணம் என்று. நானே கூப்பிட்டுக் கேட்கலாம். போனை எடுக்கிறேன், வைக்கிறேன். சட்டையின் மேல் பித்தானைக் கழற்றுகிறேன், அப்போது போன் மேஜையில் ஒருமுறை அதிர்கிறது. ஜெசிந்தா சிஸ்டர். படம் இல்லை, வாழ்த்து இல்லை. ஒரே ஒரு எழுத்து, எழுத்துகூட இல்லை.

1

அதன் கீழே, எழுதிக்கொண்டிருக்கிறார் என்று வருகிறது. நிற்கிறது. மறுபடி வருகிறது. நிற்கிறது. அவளும் அழித்து அழித்து எழுதுகிறாளா, அல்லது அப்பா கூப்பிடுகிறாரா? நின்றபடியே பார்த்துக்கொண்டிருக்கிறேன், காற்று முதுகில் அடிக்கிறது, வியர்வை ஆறுகிறது. புதன்கிழமை இல்லை. இனி ஆறு மணிக்கு ஒன்றும் இல்லை. பெட்டியில் விரலை வைக்கிறேன், வழக்கமாகத் தானே வந்து உட்காரும் சொல்லை வரவிடாமல், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்துகிறேன்.

ஜெசிந்தா

அதற்குப் பிறகு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அப்படியே அனுப்பிவிடுகிறேன்.